ஞாயிற்றுக்கிழமை லைன் டெஸ்டிங்

எங்கள் வீட்டு இன்டர்நெட் போன் ஊமையான கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ். மெஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் பேனலைத் திறந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, சுற்றி நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியை ஃபியூஸ் மாற்றி முடிப்பேன். இப்படியே காலத்தை ஓட்டியதில், மின்சாரம் ஓடுகிற எந்தப் பொருளும் எனக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் வந்துவிட்டது. வீட்டில் யாரும் அதை மறுத்ததில்லை. மறுத்தால் நான் விளக்க ஆரம்பித்துவிடுவேன் என்ற பயம்தான் காரணம்.

எங்களுக்கு ஒரே மகள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. ஒப்பந்தத்தில் போனவள். அது வருகிற மார்ச்சில் முடிகிறது. அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறாயா என்று அந்தக் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்த கையோடு அவள் பதில் சொல்ல வேண்டும். அவள் அம்மா கேட்ட மாத்திரத்தில் ‘வந்துடு’ என்று சொல்லிவிட்டாள். மத்தூர்க்காரி, மனதில் இருப்பதை அடக்கி வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆனால் மகளுக்கு அது போதவில்லை. “அப்பா என்ன சொல்றார்?” என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா சொன்னது இதுதான்: “உன் இஷ்டம்மா.”

எங்கள் இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. பேச்சுதான் இல்லை. போனில் நான் மொத்தம் மூன்று வசனம் வைத்திருந்தேன். சாப்ட்டியா, வேலை எப்படிப் போகுது, இரு அம்மாகிட்ட குடுக்கறேன். மூன்றாவதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு நிம்மதி தெரியும் என்று மனைவி சொல்வாள். திருச்சிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து, தெலுங்கில் திட்டு வாங்கவும் கன்னடத்தில் பேரம் பேசவும் கற்றுக்கொண்டவன் நான். சொந்த மகளிடம் தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச எனக்கு வரவில்லை. அவள் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருந்தது. அதை வெளியே சொன்னால் அவள் காலைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தேன். அதனால் ‘உன் இஷ்டம்’ என்று பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டு ரிசீவரை மனைவியின் கையில் திணித்துவிடுவேன்.

ரிசீவர் என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் வீட்டில் ரிசீவர் வைத்த போன்தான். மகள் போன முறை லீவில் வந்தபோது வாங்கி மாட்டிவிட்டுப் போனது. செல்போனில் வீடியோ பேசினால் என் மனைவி காட்டுவது எப்போதும் மின்விசிறியைத்தான். பார்த்துப் பார்த்து மகளுக்குத் தலை சுற்றிவிட்டது. அதனால் பழைய காலத்து டெலிபோன் மாதிரி ஒன்றை வாங்கி, ரவுட்டரில் ஒயரைச் செருகி, ஷோகேஸ் மேல் வைத்தாள். இன்டர்நெட் வழியாகவே கூப்பிடும், இன்டர்நெட் வழியாகவே மணி அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது அடித்தால் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கோடை மழையில் இடி விழுந்து, இன்டர்நெட்காரர்கள் கொடுத்த பெட்டி புகைந்துபோனது. அதோடு இணைத்து நான் வாங்கி வைத்திருந்த ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டர்நெட்காரத் தம்பி புதுப் பெட்டியோடு வந்தான்.

“இதுலயே வைஃபை எல்லாம் வந்துருதுண்ணா. உங்க பழைய ரவுட்டர் தேவையில்ல. கழட்டிரலாமா?”

மெயின்டெனன்ஸ்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஓடுகிற நிலையில் இருக்கிற ஒரு பொருளைக் கழற்றிப் போடுவது எங்கள் டிபார்ட்மென்ட்டில் மகா பாவம். எந்த மெஷினிலிருந்து கழற்றினோம் என்றே தெரியாத மோட்டாரையெல்லாம் ‘ஸ்பேர்’ என்று அலமாரியில் வைத்துப் பூட்டுகிற கூட்டம் நாங்கள். முக்கியமான மெஷினுக்கு எப்போதும் ஒன்றுக்கு இரண்டு வேண்டும் என்று ஜூனியர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

“அது ஸ்டேண்ட்பை. இருக்கட்டும்” என்றேன்.

அவன் போன பிறகு புதுப் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்துப் பழைய ரவுட்டரில் செருகினேன். பழைய ரவுட்டரிலிருந்து இன்னொரு ஒயரை எடுத்துப் போனில் செருகினேன். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு ரவுட்டர். இந்தத் தெருவில் யாரிடம் இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. மனைவி எடுத்தாள். ஹலோ என்றாள். மறுபடியும் ஹலோ என்றாள். அந்தப் பக்கம் பாழுங்கிணறு மாதிரி சத்தமே இல்லாமல் இருந்தது.

“என்னாங்க பண்ணீங்க?” என்றாள் என்னைப் பார்த்து. ஏதாவது பழுதானால் என்னைப் பார்ப்பது அவள் வழக்கம். சரி செய்யக் கூப்பிடுகிறாள் என்று நான் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் ஆராய்ச்சி. ஒயரை மாற்றினேன். ரவுட்டரைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன். சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனைத் திருப்பி அதற்குக் காற்று விட்டேன், நான் வியர்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊக்கால் ரீசெட் ஓட்டையைக் குத்தி வைஃபை பாஸ்வேர்டைத் தொலைத்தேன். செட்டிங்குக்குள் போனால் பக்கம் பக்கமாக வந்தது. அதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. புரியாத செட்டிங் ஆஃபில் இருந்தால் ஆன் செய்வது, ஆனில் இருந்தால் ஆஃப் செய்வது. இன்டர்நெட்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கண்ணா” என்றான். அதைச் சொல்ல ஒருவன் எதற்கு என்று எரிச்சலாக வைத்துவிட்டேன். பிறகு ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தேன்.

கம்பெனியில் பழுதுக்கு மூலகாரணம் தேட ஒரு முறை உண்டு. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வேர் கிடைக்கும் என்பார்கள். மனைவியை எதிரில் உட்கார வைத்து அதைச் செய்து பார்த்தேன்.

“குரல் ஏன் வரல?”

“நீங்க கை வெச்சீங்க.”

“நான் ஏன் கை வெச்சேன்?”

“சும்மா இருக்க முடியல.”

அதற்கு மேல் ஏன் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மூலகாரணம் கிடைத்துவிட்டது என்பது போல அவள் எழுந்து போய்விட்டாள்.

கடைசியில்தான் லைன் டெஸ்டிங் யோசனை வந்தது. கம்பெனியில் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குப் பேச இன்டர்காம் உண்டு. அது கெட்டால், ஒருவன் இந்த முனையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் எந்த இடத்தில் குரல் அறுகிறது என்று பார்ப்பான். பேசுகிறவன் நிறுத்தக் கூடாது. என்ன பேசுவது? யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அதனால் எல்லோரும் கேன்டீன் மெனுவைச் சொல்வார்கள். “ஹலோ டெஸ்டிங், இன்னிக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம்” என்று. மெனு தீர்ந்துவிட்டால் நாளைய மெனு. அதுவும் தீர்ந்தால் சூப்பர்வைசரைத் திட்டலாம். எதிர்முனையில் எவனும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில், மெயின்டெனன்ஸ்காரர்கள் மனம்விட்டுப் பேசுகிற ஒரே இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. நின்றது. போனின் சின்னத் திரையில் விநாடிகள் ஓட ஆரம்பித்தன, இணைப்பு கிடைத்துவிட்டது என்பது போல. நான் அதை நம்பவில்லை. விளக்கு எரிவதைப் பார்த்து மெஷின் ஓடுகிறது என்று நம்பாதே என்பது நாங்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். செத்த மெஷினில் எத்தனை பச்சை விளக்கு பார்த்திருக்கிறேன்! ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன்.

“ஹலோ டெஸ்டிங். நேத்து கேன்டீன்ல தக்காளி சாதம். பொரியல் கோஸ். மோர்ல தண்ணிதான் இருந்துச்சு.”

பதில் இல்லை. ஒயரை அசைத்தேன். பதில் இல்லை. மெனுவை ஒரு சுற்று முடித்துவிட்டு வைத்துவிட்டேன். துணி எடுக்க மாடிக்குப் போயிருந்த மனைவி, செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

“அவளுக்கு ஒண்ணுமே கேக்கலையாம். நீங்க விடாதீங்க. டெஸ்ட் பண்ணிக்கினே இருங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் என் வேலைக்குக் கொடுத்த முதல் ஊக்கம் அது. நான் உச்சி குளிர்ந்துபோனேன். அதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே வேலைதான். மனைவி அவள் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். நான் கீழே உட்கார்ந்து ஒயரை அசைத்துப் பேசிக்கொண்டிருப்பேன். மெனு சீக்கிரம் தீர்ந்துபோனது. ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போனவர்களைப் பற்றிச் சொன்னேன். படி ஏறினால் முட்டி சத்தம் போடுவதைச் சொன்னேன், மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். செத்த லைனிடம் ரகசியம் காக்கச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு ஒரு வாரம் என்னவோ மகளுடைய ஸ்கூட்டி பேச்சு வந்தது.

“ஹலோ டெஸ்டிங். உன் வண்டிய வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன். பேட்டரி எறங்கிடும்ல. யாருக்கு விக்கறீங்கன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. ரிப்பேருன்னு சொல்லிட்டேன். ரிப்பேர் ஒண்ணும் இல்ல. ஹலோ. நாகரசம்பட்டியில இருந்து அம்மா சொந்தக்காரங்க மாங்கா குடுத்தனுப்பினாங்க இந்த வருஷம். ரெண்டு பேரால எவ்வளவு தின்ன முடியும்? உங்கம்மா ஊறுகாய் போட்டா. நீ இல்லாம அது இன்னும் அப்படியே இருக்கு.”

பேசி முடித்து வைத்தபோது தொண்டை கரகரவென்று இருந்தது. டேபிள் ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அவள் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. காலையில்தான் மனைவி என்னிடம் கத்தியிருந்தாள். அவ உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தைதான கேக்கறா, அத சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க என்று. நான் வழக்கம்போல ரவுட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எண்ணை அழுத்தினேன். விநாடிகள் ஓடின.

“ஹலோ டெஸ்டிங். நேத்து கேன்டீன்ல புளி சாதம்.” அதற்கு மேல் மெனு வரவில்லை. “இந்தாம்மா, உன் இஷ்டம்னு சொன்னா எனக்கு இஷ்டம் இல்லேன்னு நெனச்சுக்கிட்டியா? வான்னு சொன்னா நீ வந்துடுவே. வந்த பின்னாடி இங்க ஏதாவது சரியில்லேன்னா, அப்பாவுக்காக வந்தோமேன்னு ஒருநாள் தோணும். அதுக்குத்தான் பயமா இருக்கு. வீடு நல்லாவே இல்ல நீ இல்லாம. வந்துடும்மா.” ஒயரை அசைத்தேன். “இல்ல, வேணாம். அங்க நல்லா இருக்கேன்னா இரு. நாங்க பாத்துக்கறோம். ஹலோ. நாளைக்கு சாம்பார்ல முருங்கைக்காய்னு சொன்னாங்க.”

வைத்துவிட்டேன். நல்லவேளை லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் முதல் நாளே மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தாகிவிட்டது. வீட்டில் என் டெஸ்டர், மல்டிமீட்டர், கட்டிங் பிளேயர், திருப்புளி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் பரப்பி வைத்தேன். மனைவி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்.

“உங்க செல்லத்த விட்டுட்டீங்களே. அந்த ரவுட்டரையும் கொண்டாந்து வைங்க.”

“ரெண்டையும் கழட்டினா நெட் நின்னுடும்.”

“அப்ப பழசை மட்டும் வைங்க. அதுவும் ஆயுதந்தானே.”

நியாயமாகப் பட்டது. பழைய ரவுட்டரைக் கழற்றினேன். அதில் செருகியிருந்த போன் ஒயர் அனாதையாகத் தொங்கியது. சும்மா தொங்குவானேன் என்று அதை நேராகப் புதுப் பெட்டியில் செருகிவிட்டு வந்தேன். ரவுட்டருக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூவும் வைத்தோம். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அதுவும் நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று தோன்றியது.

கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மனைவி கையில் தட்டு. “எடுங்க” என்றாள். எப்படியும் ஊமைதான் என்று எடுத்தேன்.

“ஹலோ டெஸ்டிங். இன்னிக்கு கேன்டீன் லீவு. வீட்ல பொரி, சுண்டல்…”

“தெரியும்ப்பா. ஆயுத பூஜைக்குக் கேன்டீன் எப்படி இருக்கும்?”

பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவு.

“கேக்குதே! உனக்கும் கேக்குதா?”

“எனக்கு எப்பவும் கேட்டுதுப்பா. நான் பேசறதுதான் உங்களுக்கு வரல.”

கோளாறு என்ன என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, புரிந்து பிரயோஜனமில்லாத நேரத்தில். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர் வைத்தால் வீட்டுக்கு இரண்டு வாசல் கதவு வைத்த மாதிரி. உள்ளேயிருந்து போகிற குரல் இரண்டையும் திறந்துகொண்டு போய்விடும். வெளியேயிருந்து வருகிற குரல் முதல் கதவைத் தாண்டிவிட்டு, அடுத்த கதவைத் தட்டத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். இத்தனை நாளும் அவளுடைய ஹலோவெல்லாம் என் ஸ்டேண்ட்பை ரவுட்டரின் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன. பச்சை விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

“எல்லா வாரமும் எடுத்தியா?” என்றேன்.

“எல்லா வாரமும். மொத வாரமே அம்மாகிட்ட சொல்லிட்டேன், அப்பா பேசறது நல்லாக் கேக்குதுன்னு. அம்மாதான் சொல்லாத, பேசட்டும்னாங்க.”

திரும்பிப் பார்த்தேன். மனைவி அணைந்துபோன கற்பூரத்தை சாமிக்கு மும்முரமாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முட்டி, மோர், ஸ்கூட்டி, ஊறுகாய் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ரிசீவரை வைத்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் முட்டி சத்தம் போடும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

“அப்பா, நாளைக்கு நான் பதில் சொல்லணும்” என்றாள். “போன வாரம் வந்துடுன்னீங்க. அடுத்த நிமிஷம் வேணாம்னீங்க. அப்புறம் முருங்கைக்காய்னீங்க. இதுல நான் எதை எடுத்துக்கறது? இப்பதான் ரெண்டு பக்கமும் கேக்குதே. நேராச் சொல்லுங்க. நான் வரட்டுமா?”

சொல்ல வேண்டிய இடம் இது. பதிலும் என்னிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். “உன் இஷ்…” என்று வந்தது. பாதியில் பிடித்து நிறுத்திக்கொண்டேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் எனக்கு நாக்கு எழாது. வேறு வழி தெரியவில்லை.

“ஹலோ?” என்றேன். “ஹலோ? ஒண்ணும் கேக்கலையே.”

என் மகள் புத்திசாலி. அவள் வாயே திறக்கவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். கையில் கிடைத்த ஒயரைப் பிடித்து ஒருமுறை அசைத்தேன்.

“ஹலோ டெஸ்டிங். இன்னிக்கு கேன்டீன் லீவு. பொரி, சுண்டல், பாயசம். பாயசத்துல முந்திரி கம்மி. நீ வந்துடும்மா. வேணாம்னு சொன்னது சும்மா. ஊறுகாய் அப்படியே இருக்கு. வண்டி நல்லா ஓடுது. வந்துடு. டெஸ்டிங் முடிஞ்சுது.”

மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் கேட்டது, ஏனென்றால் மனைவியும் என் பின்னால் நின்று அதையேதான் செய்துகொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஹலோ டெஸ்டிங். இங்க கேன்டீன்ல தெனமும் உருளைக்கிழங்குதான். அவிச்ச உருளைக்கிழங்கு, மசிச்ச உருளைக்கிழங்கு. நேத்தே முடிவு பண்ணிட்டேன். மார்ச்ல வர்றேன்.”

பழக்கதோஷத்தில், “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்றேன்.

மனைவி கையை நீட்டினாள். நான் ரிசீவரைக் கொடுக்கவில்லை.